துறைமுகத்துக்கு அடியில் ஒரு வீடு

சலீனா குரூஸ் துறைமுகத்தைப் பற்றி யாராவது பெருமை பேச ஆரம்பித்தால் நான் எழுந்து உள்ளே போய்விடுவேன். வயதாகிவிட்டது, கோபத்தை அடக்கத் தெரியவில்லை. அந்தத் துறைமுகத்தின் உள்குளம் இருக்கிறதே, கப்பல்களைக் கட்டி நிறுத்துகிற இடம், அதன் கிழக்கு மூலையில் தண்ணீருக்கு அடியில்தான் சிரிலா அக்காவின் வீடு இருந்தது. அவள் அடுப்பு எரிந்த இடத்துக்கு மேலே மிதந்தபடிதான் ஹவாய்த் தீவுச் சர்க்கரைக் கப்பல்கள் மூட்டை இறக்கின.

நான் கஸ்தூலோ. சர்க்கரை ரயிலில் பிரேக் பிடித்தவன். ஓடுகிற பெட்டிகளின் கூரைமேல் தாவித் தாவிப் போய் பிரேக் சக்கரத்தைத் திருகுகிற வேலை. சிரிலா அக்கா எனக்கு உறவு இல்லை, பக்கத்து வீடு. ஆனால் அவள் வாய்க்குப் பயந்து வாழ்ந்ததில் நானும் அவளுக்குத் தம்பி மாதிரிதான்.

எங்கள் பூமி இரண்டு பெருங்கடலுக்கு நடுவில் இடுப்பு மாதிரி ஒடுங்கிப் போன பூமி. இந்தக் கரையில் கப்பலை இறக்கி, ரயிலில் ஏற்றி, அந்தக் கரையில் மறுபடி கப்பலில் ஏற்றினால் கண்டத்தையே சுற்றுகிற பயணம் மிச்சம் என்று பெரிய மனிதர்கள் கணக்குப் போட்டார்கள். தெற்கே பனாமாவில் கால்வாய் வெட்டப் போகிறார்கள் என்பதும் அவர்களுக்குத் தெரியும். கால்வாய் திறப்பதற்குள் அள்ளுகிற வரை அள்ளிக்கொள்ளலாம் என்பதுதான் திட்டம். எங்களுக்கு மட்டும் அதை யாரும் சொல்லவில்லை. எங்களிடம் ரயில் என்றால் என்றைக்கும் ஓடுவது என்றார்கள், நாங்களும் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டோம்.

துறைமுகத்துக்கு இடம் வேண்டும். பழைய மீனவ ஊர் இருந்த இடம்தான் வேண்டுமாம். ஊரைப் பெயர்த்து மேட்டில் வை என்றார்கள். கூரையைத் தூக்கிக்கொண்டு போனோம், கோயிலில் இருந்த புனிதரைத் தூக்கிக்கொண்டு போனோம், கல்லறையைத் தோண்டி எலும்புகளைக்கூடக் கூடையில் அள்ளிக்கொண்டு போனோம். சிரிலா அக்கா ஒன்றை மட்டும் தூக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் ஒருவனிடம் எந்த ஊர் என்று கேட்க மாட்டார்கள், உன் கொடி எங்கே என்றுதான் கேட்பார்கள். பிள்ளை பிறந்ததும் தொப்புள்கொடியைப் புதுப் பானையில் சாம்பலோடு வைத்து வீட்டுக்குள்ளேயே புதைத்துவிடுவோம். கொடி இருக்கும் இடத்துக்கு ஆள் என்றைக்காவது திரும்பி வந்துவிடுவான். பிள்ளை வளர்ந்து ஆளாவதற்குள் அந்தப் பானையை அசைக்கக்கூடாது, அசைத்தால் அவன் எங்கும் நிலைக்க மாட்டான். சிரிலா அக்காவின் கணவர் கடலில் மூழ்கிப் போனவர். ஒரே மகன் எலாதியோவுக்கு அப்போது ஆறு வயது. மற்றவர்கள் பானையைத் தோண்டியபோது அவள் தயங்கினாள்.

அப்போது கம்பெனியின் ஆள் தொன் ரமீரோ வந்தான். தலைநகரத்துக்காரன், நீள முகம், எப்போதும் வெள்ளைக் கைக்குட்டை. இந்த மூலையில் தோண்டப் போவதில்லை, மேலே கிடங்கு மட்டும்தான் வரும், மண்ணைத் தொடமாட்டோம் என்று புனிதர்மேல் சத்தியம் செய்தான். இடம் கொடுத்த வீட்டுப் பெண்களுக்கே மூட்டை தைக்கிற வேலை என்றும் சொன்னான். அக்கா நம்பிப் பானையை அங்கேயே விட்டுவிட்டு மேட்டுக்கு வந்தாள். அப்புறம் யாரோ ஓர் இன்ஜினியர் வரைபடத்தில் குளத்தைக் கொஞ்சம் பெரிதாக இழுத்தான். அக்கா தெவான்தெபெக் சந்தையில் இறால் கருவாடு விற்றுவிட்டுத் திரும்பி வந்தபோது தூர்வாரிக் கப்பல் அந்த மூலையை வழித்துத் தின்றுவிட்டிருந்தது. வாரிய மண்ணை எங்கே கொட்டினார்கள் என்று கேட்டாள். வெளிக்கடலில் என்றார்கள்.

தொன் ரமீரோவைத் தேடிப் போய்க் கேட்டாள். அவன் சொன்ன பதிலை நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

"மண்ணெல்லாம் ஒண்ணுதானேம்மா. மேட்டுலயும் மண்ணுதான் இருக்கு."

அன்றிலிருந்து அவளுக்கு ஒரே கவலைதான். எலாதியோ எங்காவது போனால் திரும்பி வர ஓர் இடம் இல்லை. வேறு எதைப் பற்றிப் பேசினாலும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்பாள்.

துறைமுகம் கட்டி முடிக்கவே ஏழெட்டு வருஷம் ஆனது. அப்புறம் ரயில் ஓடிய ஏழு வருஷமும் அவள் துறையில் மூட்டை தைத்தாள். கொக்கியில் தூக்கும்போது கிழிந்த சர்க்கரை மூட்டைகளை வளைந்த ஊசியால் மின்னல் மாதிரி மூடுவாள். அந்தத் தையலுக்கு ஒரு நுட்பம் உண்டு. மூட்டை போய்ச் சேர்ந்த இடத்தில் ஒருவன் நூலின் ஒரு முனையைப் பிடித்து ஒரே இழுப்பு இழுத்தால் மொத்தமும் பிரிந்து வரவேண்டும், ஆனால் வழியில் எத்தனை முறை தூக்கிப் போட்டாலும் பிரியக்கூடாது. எங்கள் பெண்களைப் போல அதைத் தைக்க ஆளில்லை. பெண்பிள்ளைகளைத் தொட்டுத் தொட்டுப் பேசிய ஒரு மேஸ்திரி மதியம் மூட்டைமேல் படுத்துத் தூங்கியபோது, அக்கா அவன் கால்சட்டையை மூட்டையோடு சேர்த்துத் தைத்துவிட்டாள். சங்கு ஊதியதும் துள்ளி எழுந்தவன் நின்ற கோலத்தை ஊரே பார்த்தது. அதற்கப்புறம் அவன் கையைப் பையிலேயே வைத்துக்கொண்டான்.

எலாதியோ வளர்ந்து எண்ணெய் எஞ்சினில் நெருப்பு பார்க்கிற வேலைக்கு வந்தான். நானும் அவனும் ஒரே வண்டியில் எத்தனையோ நடை போயிருக்கிறோம். ஒரு ரயிலின் புகை அடங்குவதற்குள் அடுத்த ரயில் கிளம்பும். அவன் எந்த நடை போனாலும் மறுநாள் திரும்பி வருவான் என்பதால் அக்காவுக்கு அந்த வருஷங்களில் கொஞ்சம் நிம்மதி. அவள் துறைமுகத்தை மன்னிக்கவில்லை. ஆனால் திட்டுவதைக் குறைத்துக்கொண்டாள்.

அப்புறம் பனாமாவில் கால்வாய் திறந்தது. அதற்குச் சில மாதம் முன்பே நாட்டில் சண்டை, அந்தக் கரையில் வெராகுரூஸில் அந்நிய சிப்பாய்கள் என்று சர்க்கரைக் கப்பல்கள் நின்றிருந்தன. சண்டை ஓய்ந்தால் வந்துவிடும் என்று உட்கார்ந்திருந்தோம். ஓய்ந்த மாதிரி இருந்தது, கப்பல் வரவில்லை. ஹவாயில் ஏற்றியதை இறக்காமலே நேராக நியூயார்க் போய்ச் சேருகிறபோது, நடுவில் எங்கள் கூலியாட்கள் இரண்டு தரம் தூக்கிப் போடுவானேன்? முதலாளி பார்வையில் அது நியாயம்தான். எனக்கு எரிச்சல் என்னவென்றால், அமெரிக்காவில் கடலிலிருந்து கடலுக்கு ஓடுகிற நீள ரயில்களுக்கும் அதே கால்வாய் அடி கொடுத்தது, ஆனால் அவை சாகவில்லை. துறைமுகப் பட்டணங்களுக்குக் கட்டணத்தைக் குறைத்து, அதில் போன பணத்தை நடுவில் கிடக்கிற ஊர்க்காரர்கள் தலையில் கட்டிப் பிழைத்துக்கொண்டன. எங்களுக்கு நடுவில் யார் இருக்கிறார்கள்? உடும்பும் முட்காடும்.

ஒவ்வொரு எஞ்சினாகக் கொட்டகைக்குள் போனது. எலாதியோவுக்கு வேலை போனது. ஒரு நாள் காலையில் துணி மூட்டையோடு வந்து எண்ணெய்க் கிணறுகளில் ஆள் எடுக்கிறார்களாம், போகிறேன் என்றான். அக்கா தடுக்கவில்லை. ரயில் நிலையத்துக்குக்கூட வரவில்லை. நேரே தொன் ரமீரோவின் அலுவலகத்துக்குப் போனாள்.

"கப்பல்தான் வரலையே. குளம் உங்களுக்கு எதுக்கு? மூடிக் குடுங்க. என் இடம் எனக்கு வேணும்."

அங்கிருந்த எழுத்தர்கள் சிரித்த சிரிப்பு வெளியே கேட்டது. கடலை மூடச் சொன்ன கிழவி என்று அவளுக்குப் பெயர் வைத்தார்கள். அவளுக்கு அப்போது கிழவி வயதே இல்லை.

அடுத்த செப்டம்பரில் தந்தி அலுவலகப் பையன் கத்திக்கொண்டு ஓடி வந்தான். பனாமாவில் மலை சரிந்து கால்வாயை அடைத்துவிட்டதாம், எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியாதாம். எங்கள் ஊர் துள்ளிய துள்ளல் இருக்கிறதே! நன்றிப் பூசை வைக்கச் சொல்லிப் பாதிரியாரிடம் போனோம். அடுத்தவன் தலையில் மலை விழுந்ததற்கெல்லாம் பூசை வைக்க முடியாது என்று கதவைச் சாத்திக்கொண்டார். பெண்கள் விடவில்லை. திருவிழாவில் செய்வதுபோல் மாட்டுவண்டிகளில் ஏறி நின்று, துறை முழுக்கக் கூடிய கூட்டத்தின்மேல் பழம் வீசினார்கள். வாழைப்பழம், மாம்பழம், அன்னாசி. தலையில் அடி வாங்கியவனுக்கு அதிர்ஷ்டம். பித்தளை வாத்தியக்காரர்கள் மூச்சு முட்ட ஊதினார்கள். அக்கா முதல் வண்டியில் நின்று வீசினாள். ரயில் ஓடினால் எலாதியோ வருவான். கொடி இல்லாவிட்டாலும் வேலைக்காவது வருவான் என்று என்னிடம் சொன்னாள்.

தொன் ரமீரோவும் அன்று ரொம்ப இனிமையாகப் பேசினான். சர்க்கரை கட்டாயம் திரும்பி வரும், அதுவரை உப்புக்காற்று அரிக்காமல் பாரந்தூக்கிகளையும் தூர்வாரிக் கப்பலையும் மூடி வைக்க வேண்டும், தடித்த கித்தானில் உறை தைத்துக் கொடுங்கள் என்றான். கூலியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. தன் வீட்டைத் தின்ற கப்பலுக்கே அக்கா உறை தைத்தாள். அதுவும் எப்படி? இழுத்தால் பிரிகிற மூட்டைத் தையல் இல்லை. இரட்டை நூலில், மெழுகு தேய்த்து, எந்தப் புயலிலும் பிரியாத தையல். ஜனவரி மாத வாடைக்காற்று எங்கள் ஊரில் ரயில் பெட்டியையே சாய்க்கும், அதற்காகத்தான் என்றாள். விரல் நுனியெல்லாம் ரத்தம் கட்டியிருந்தது.

உறை போட்டு முடித்த வாரமே இரண்டு இழுவைப் படகுகள் வந்தன. பாரந்தூக்கிகளைக் கழற்றி ஏற்றினார்கள். தூர்வாரிக் கப்பலைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு தெற்கே பனாமாப் பக்கம் போனார்கள். எல்லாம் முன்பே விற்றாகிவிட்டது. வழியில் அலை அடித்துக் கெடாமல் இருக்கத்தான் உறை. எங்கள் கண்ணில் மண்ணைத் தூவுவதற்கு எங்களையே தைக்க வைத்தான் பாவி.

சர்க்கரைக் கப்பல்கள் என்ன ஆயின என்பதையும் தந்திப் பையனே சொன்னான். அவை தென் அமெரிக்காவின் வால்முனையைச் சுற்றிப் போகின்றனவாம். பனிக்கடல் வழியாக முழுக் கண்டத்தையும் சுற்றினாலும் சுற்றுவார்கள், எங்கள் தண்டவாளத்தை மட்டும் தொட மாட்டார்களாம். அதைக் கேட்டபோது எனக்கு ஏற்பட்ட ஆத்திரம் இன்னும் ஆறவில்லை.

தொன் ரமீரோ ஊரைவிட்டுக் கிளம்பிய அன்று ரயில் நிலையத்தில் பெண்கள் பழக்கூடைகளோடு வரிசையாக நின்றார்கள். வழியனுப்பு மரியாதை என்று நினைத்து அவன் பெட்டி வாசலில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றான். முதலில் ஒரு கனிந்த மாம்பழம் நெஞ்சில் பட்டது, சிரித்தான். அடுத்தது காய். அதற்கடுத்தது அன்னாசி, கொண்டையோடு. அப்புறம் பச்சைத் தேங்காய்கள் வந்தன. சிரிலா அக்கா எறிந்தது அவன் பல்லில் பட்டது. காவலர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பழம் வீசுவது எங்கள் ஊர் வழக்கம், அதற்குக் கைது செய்யச் சட்டம் இல்லை. எஞ்சின் ஓட்டியவன் வேண்டுமென்றே வண்டியை மெதுவாகக் கிளப்பினான்.

அதற்கப்புறம் மணல் வந்தது. தூர்வார ஆளில்லாத துறைமுகத்துக்கு வேறு கதி கிடையாது. ஒவ்வொரு வாடைக்கும், ஒவ்வோர் அலைக்கும் வாய்க்குள் மணல் ஏறியது. சில வருஷத்தில் துறைவாய்க்குக் குறுக்கே ஒரு மேடு விழுந்து, படகுகூடத் தட்டியது. ஊர் அழுதது. கால்வாய் பிழைத்துக்கொண்டது, நாம் செத்தோம் என்று ஆளாளுக்குப் புலம்பினார்கள். தூர்வாரிக் கப்பல் அனுப்பச் சொல்லி அரசாங்கத்துக்கு மனு எழுதி வீடு வீடாகக் கைநாட்டு வாங்கினார்கள். அக்கா மட்டும் விரலை நீட்டவில்லை.

"மூடட்டும். நான் அன்னைக்கே மூடச் சொன்னேன். அவன் மூடல, கடல் மூடுது."

ஊர்ப் பிழைப்பில் மண் போடுகிறாள் என்று அவள் முகத்துக்கு நேரே திட்டினார்கள். நான்கூடத் திட்டினேன். எனக்கும் ரயில் வேண்டும், எனக்கும் வயிறு இருந்தது. அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தினமும் இறங்கிப் போய்க் கிழக்கு மூலையைப் பார்த்துவிட்டு வருவாள். தண்ணீர் முழங்காலளவு ஆனது, கணுக்காலளவு ஆனது. ஒரு வருஷம் மழைக்காலம் முடிந்ததும் அங்கே காய்ந்த மணல் தெரிந்தது. மறுநாளே நாலு கம்பு நட்டு, பனையோலை போட்டு, அடுப்பு மூட்டி உட்கார்ந்துவிட்டாள். குடிக்கத் தண்ணீர் மேட்டிலிருந்து சுமக்க வேண்டும், ஒரு செடி முளைக்காது, காற்றடித்தால் சோற்றில் மணல். வந்துவிடு என்று எத்தனை முறை கூப்பிட்டிருப்பேன்.

"அவன் வந்தா எங்கன்னு தேடுவான்? இங்கதான் வருவான்."

அப்படியே வருஷக்கணக்காக இருந்தாள். எலாதியோவிடமிருந்து ஒரு சேதியும் இல்லை. செத்திருப்பான் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம், அவளிடம் சொல்லத்தான் யாருக்கும் தைரியம் இல்லை.

போன வருஷம் அரசாங்கம் கடைசியாக மனசு வைத்தது. துறைமுகத்தைத் திறக்கிறோம், ரயிலுக்கு உயிர் கொடுக்கிறோம் என்று ஒரு புதுத் தூர்வாரிக் கப்பல் வந்து மணல்மேட்டுக்கு வெளியே நங்கூரம் போட்டது. ஊரே கரையில் நின்று கை தட்டியது. கப்பலிலிருந்து ஒரு சிறு படகு கிழக்கு மூலைக்கு வந்தது. நரைத்த தலையோடு ஓர் ஆள் இறங்கினான். குடிசையைக் காலி செய்யச் சொல்ல வந்தவன். நான் அப்போது அக்காவுக்குத் தண்ணீர் கொண்டுபோயிருந்தேன். எனக்கு அவனைத் தெரியவில்லை. அவன் நடையைப் பார்த்தே அக்கா எழுந்துவிட்டாள்.

அவள் அழவில்லை, கட்டிப்பிடிக்கவும் இல்லை. உட்காரச் சொல்லி, மொறுமொறு சோள அப்பமும் இறால் கருவாடும் எடுத்து வைத்தாள். அவன் சாப்பிடத் தொடங்கியதும்தான் கேட்டாள்.

"எங்கடா இருந்த?"

"மொதல்ல எண்ணெய்க் கிணத்துல. அப்புறம் பனாமா."

"பனாமால என்ன வேல?"

"மலை சரிஞ்சு கால்வா அடைச்சுதுல்ல, அத அள்ளுற வேல. ஆள் பத்தலன்னு கூப்பிட்டாங்க, போனேன். இந்தத் தொழில் அங்கதான் கத்துக்கிட்டேன்."

இங்கே நாங்கள் வண்டியில் ஏறி நின்று பழம் வீசிய அதே மாதங்களில், எங்கள் வீட்டுப் பிள்ளையே அங்கே அந்த மண்ணை அள்ளிக் கப்பலுக்கு வழி விட்டிருக்கிறான். யார்மேல் கோபப்படுவது என்று எனக்குத் தெரியவில்லை. அவன்மேல்தான் பட்டேன். உனக்கு வேறு வேலையே கிடைக்கவில்லையா என்று கத்தினேன்.

"இங்க வேல இல்ல மாமா. அங்க இருந்துச்சு. நான் அள்ளலன்னா வேற ஒருத்தன் அள்ளியிருப்பான்."

அக்கா அவன் தட்டில் இன்னொரு அப்பம் வைத்தாள்.

"இந்த மூலைய எப்பத் தோண்டுவீங்க?"

"திங்கக்கெழம."

"யாரு தோண்டுவா?"

அவன் தலையைத் தூக்கவில்லை. "நான்தாம்மா."

"உன் கொடியக் கப்பல்தான் வாரிக்கிட்டுப் போச்சு. நீயும் கப்பல் பின்னாலயே போயிட்ட. நான் இத்தன வருஷம் இந்த மணல்ல உக்காந்து யாருக்குடா காவல் காத்தேன்?"

அவன் வேலையை விட்டுவிடுகிறேன் என்றான். வேண்டாம் என்றாள். எழுந்து அடுப்பை அணைத்து, இருந்த இரண்டு பாத்திரத்தையும் கூடையில் போட்டுக்கொண்டு மேட்டுக்கு ஏறினாள். நாங்கள் கூடையை வாங்கப் போனோம், கொடுக்கவில்லை.

திங்கட்கிழமை அவன் தோண்டினான். ஊரில் மறுபடியும் ரயிலைப் பற்றிப் பேச்சு. இது எத்தனை நாளைக்கு என்று கேட்டால் என்னைக் கிறுக்கன் என்கிறார்கள். எலாதியோ தினமும் வேலை முடிந்து மேட்டு வீட்டுக்குச் சாப்பிட வருகிறான். முற்றத்தில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றி உதறுகிறான். உள்ளிருந்து கிழக்கு மூலை மணல் கொட்டுகிறது. அந்த மணலை யாரும் பெருக்கக்கூடாது என்று சிரிலா அக்கா சொல்லியிருக்கிறாள்.